வெள்ளத்துள் இறங்குவோர்

உயிர்களைப் புரக்கும் நீரே, கரைகடந்து பெருகுங்கால் உயிர்கவரும் கூற்றமாகவும் மாறுகின்றது. அக்காலத்து மக்கள் கூரைமீதும் மரக்கிளைமீதும் ஏறி நின்று, உதவி வருமோவென்று ஏங்கி நிற்பர். அவர்களை மீட்டற்பொருட்டு நீருள் இறங்கும் வீரர்களை மீட்பு நீச்சல் வீரர் என்பர். நீந்துதல் ஒரு திறன். நீரில் வீழ்ந்தாரை மீட்டல் மற்றொரு திறன். இவ்வுண்மையை அமெரிக்க நாடு பேரிழப்பு ஒன்றன் வாயிலாகவே கற்றுக்கொண்டது. அவ்வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

1983ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12ஆம் நாள், நிலக்கரி ஏற்றிச் சென்ற 'மரீன் எலெக்ட்ரிக்' என்னும் கப்பல், வர்ஜீனியா மாநிலக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக் பெருங்கடலில் மூழ்கிற்று. அதிலிருந்தோர் 34 பேர். அது கடுங்குளிர்காலம். கடலோரக் காவற்படையின் ஹெலிகாப்டர் அவ்விடம் விரைந்து, மீட்புக் கூடையைக் கம்பிவடத்தால் இறக்கியது. ஆனால், மிதந்துகொண்டிருந்தோர் குளிரால் விறைத்துப் போயினர். கூடை அருகிலேயே இருந்தது. அதனைப் பற்றுதற்குக் கை எழவில்லை. அந்த ஹெலிகாப்டரில் நீருள் இறங்கி அவர்களைத் தூக்கிவிடப் பயின்றவர் ஒருவரும் இலர். பின்னர்க் கடற்படையின் ஹெலிகாப்டரில் வந்த நீச்சல் வீரர் ஒருவர் அலைகளுக்கிடையே குதித்து, தாம் சோர்ந்து தளருமளவும் பாடுபட்டார். எனினும், பிழைத்தவர் மூவரே; ஏனைய 31 பேரும் மாண்டனர்.

உதவி அருகில் வந்தால் மட்டும் போதாது; வலியிழந்தவனிடம் அது சென்று சேர்தல் வேண்டும். இதனை உணர்ந்த அமெரிக்க நாடாளுமன்றம், நீச்சல் வீரர்களைப் பயிற்றுமாறு கடலோரக் காவற்படைக்கு 1984ஆம் ஆண்டில் ஆணையிட்டது. 1985ஆம் ஆண்டில் அப்படையின் முதல் மீட்பு நீச்சல் வீரர்கள் பணியேற்றனர். மறு ஆண்டிலேயே கெல்லி மாக் என்னும் பெண்மணியும் அக்கடும் பயிற்சியில் தேறி, இத்துறை ஆடவர்க்கு மட்டும் உரியதன்று என்பதை மெய்ப்பித்தார்.

அப்பயிற்சி எத்தகையது? நெடுந்தொலைவு நீந்துதலும், மூச்சடக்கி நீரடியிற் செல்லுதலும் அதன் தொடக்கமேயாகும். நீரில் மூழ்குவோன் அச்சத்தால் அறிவு கலங்கி, தன்னை மீட்க வந்தவனையே இறுகத் தழுவி அமிழ்த்திவிடுவான். ஆதலின் வீரர் பின்புறமாக அணுகிப் பற்றக் கற்கின்றனர். அவன் பிடித்துக்கொண்டாலோ, அவனோடு மல்லாடாமல் தாம் நீருள் ஆழ்கின்றனர். மேலெழவே விரும்பும் அவன் பிடி தானே தளர்கின்றது. இவற்றோடு முதலுதவி மருத்துவத்தையும் அவர்கள் பயில்கின்றனர்.

கடலுக்கென்று கற்ற இக்கலை ஒரு நகர வெள்ளத்திலும் பயன்பட்டது. 2005ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29ஆம் நாள், 'கத்ரீனா' என்னும் பெரும்புயல் லூசியானா மாநிலத்தைத் தாக்கியது. நியூ ஆர்லியன்ஸ் நகரைக் காத்துநின்ற வெள்ளத்தடுப்புக் கரைகள் பலவிடங்களில் உடைந்தன. நகரின் ஐந்தில் நான்கு பங்கு நீரில் ஆழ்ந்தது. ஏறிவரும் நீருக்கஞ்சிக் கூரையடிப் பரண்களில் ஒதுங்கினோர், வெளியேற வழியின்றி அகப்பட்டனர். கம்பிவடம் பற்றி இறங்கிய வீரர் கோடரியால் கூரைகளைப் பிளந்து அவர்களை வெளிக்கொணர்ந்தனர். எங்கும் அறுந்த மின்கம்பிகள். நீரிலோ எண்ணெயும் சாக்கடையும் கலந்திருந்தன. ஹெலிகாப்டரின் பேரொலியில் குரல் கேளாது, கைக்குறிகளே பேச்சாயின.

அங்கு உடலுழைப்பினும் அரிதாயிருந்தது நெஞ்சுறுதியே. கூரையொன்றில் பலர் நிற்பர். ஹெலிகாப்டரிலோ இடம் சிலர்க்கே உண்டு. யாரை முதலில் ஏற்றுவது? நோயுற்றோர், குழவிகள், முதியோர் என்று நொடிப்பொழுதில் தேர்தல் வேண்டும். எஞ்சியோர்க்கு 'மீண்டும் வருவோம்' என்று ஆறுதல் கூறுதல் வேண்டும். கூறியவாறே மீண்டும் வருதலும் வேண்டும். இரவும் பகலும் அவ்வாறே அவர்கள் வந்தனர்.

ஆயினும், நீச்சல் வீரர் தனித்து நின்று எதனையும் செய்தாரல்லர். ஊர்தியை நிலையாக நிறுத்தும் வானோட்டியும், வடத்தை ஏற்றி இறக்கும் துணைவரும் இலரேல் அவர் செயலற்றவரே. ஹெலிகாப்டர்களாலும் படகுகளாலும் கடலோரக் காவற்படை மீட்டும் அப்புறப்படுத்தியும் காத்த மக்கள் 33,000 பேருக்கு மேற்பட்டோர். அப்புயலில் ஆயிரத்திற்கு மேற்பட்டோர் இறந்தனர் என்பதையும் எண்ணுங்கால், அவ்வுழைப்பு எத்துணை இன்றியமையாதது என்பது புலனாகும்.

மாணவர்களே! இவ்வரலாற்றைப் படித்தபின், நீரில் தத்தளிப்பானைக் கண்டவுடன் குதித்துவிட எண்ணாதீர்கள். பயிற்சியில்லாத் துணிவு ஓருயிர் போகுமிடத்தில் ஈருயிரைப் போக்கும். முதலில் உரத்துக் கூவிப் பெரியோரை அழையுங்கள். கரையில் படுத்தவாறு கழியையோ துணியையோ நீட்டுங்கள், கயிற்றை வீசுங்கள், காலிக்குடம் போன்ற மிதக்கும் பொருளை எறியுங்கள். இவை கோழைமையல்ல, அறிவொடு கூடிய அருளாகும். நீச்சலையும் மீட்பு முறையையும் தக்காரிடம் முறையாகப் பயிலுங்கள். பிறர்துயர் கண்டு உருகும் நெஞ்சம் நம் எல்லோர்க்கும் உண்டு. அவ்வுருக்கத்திற்குத் துணையாகத் திறனையும் முன்னரே தேடி வைத்திருப்பவனே, இடர் வந்த பொழுதில் உதவவல்லான்.