முதலில் சுகர், பிறகு பயம்

உயரமான இடத்தில் நின்றால் எனக்கு நெஞ்சு படபடக்கும், முழங்கால் நடுங்கும், உள்ளங்கை வேர்க்கும். லிஃப்ட் கதவு மூடினாலும் அப்படித்தான். இன்சுலின் போட ஆரம்பித்த பிறகு இதே படபடப்பும் நடுக்கமும் வேர்வையும் இன்னொரு காரணத்தாலும் வரத் தொடங்கின: சுகர் 70-க்குக் கீழே இறங்கும்போது. பயந்தாலும் சரி, ரத்தத்தில் சர்க்கரை குறைந்தாலும் சரி, உடம்பு சுரப்பது அதே அட்ரினலினைத்தான். அதனால் எது பயம், எது லோ சுகர் என்று உள்ளுக்குள் யோசித்துக் கண்டுபிடிக்க நான் முயல்வதில்லை. விரலைக் குத்திப் பார்த்துவிடுகிறேன்.

பயம் உச்சத்துக்குப் போனாலும் கொஞ்ச நேரத்தில் தானாகத் தணியும். இன்சுலின் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும்போது இறங்கும் சுகர் அப்படிக் காத்திருக்காது. பயத்தை லோ என்று நினைத்துக் குளுக்கோஸ் சாப்பிட்டுவிட்டால் சுகர் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். லோ சுகரைப் பயம் என்று நினைத்துக் கண்ணை மூடி மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தால், படிக்கட்டில் மயங்கி விழ நேரலாம். மீட்டர் கையில் இல்லாத நேரத்தில் லோ என்றே வைத்துக்கொண்டு இனிப்பைச் சாப்பிடுவதுதான் பத்திரம்.

திருச்சி மலைக்கோட்டையில் உயரம், அடைத்த இடம், லோ சுகர் மூன்றும் ஒரே நாளில் வந்து சேரும். தாயுமானவர் சன்னதி வரை பாறையைக் குடைந்த படிகள். இரண்டு பக்கமும் சுவர், தலைக்கு மேல் கூரை, முன்னும் பின்னும் ஆட்கள். அதைத் தாண்டினால் சட்டென்று வெட்டவெளி. உச்சிப் பிள்ளையாருக்குப் போகும் படிகள் பாறையின் விளிம்பில் ஏறுகின்றன, பாறையின் உயரம் 83 மீட்டர். நானூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏறும்போது தொடைத் தசை சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் மலையேறும் நாளில் ஊசியைத் தொடையில் போடமாட்டேன், வயிற்றில்தான். உழைக்கிற தசைக்கு ரத்த ஓட்டம் கூடுவதால் அங்கே போட்ட மருந்து சீக்கிரம் உறிஞ்சப்பட்டுவிடும். அடிவாரத்து மாணிக்க விநாயகர் சன்னதியில் சுகரை ஒருமுறை பார்த்துக்கொள்வேன். 100-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் முதல் படி.

ஒருமுறை குகைப்படியில் பாதி தூரம் போனதும் மூச்சு முட்டியது. நெரிசலால்தான் என்று தோன்றியது. மகள் சுவரோரமாக உட்காரவைத்தாள். "அம்மா, முதல்ல குத்திப் பாத்துருவோம். இரும்மா, கையைக் கழுவிக்க." கீழே பிரசாத வாழைப்பழத்தை உரித்த கை அது. பழச்சாறு ஒட்டிய விரலில் குத்தினால் மீட்டர் பொய்யாக அதிகம் காட்டும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாலும் அது முழுதாகப் போகாது, தண்ணீரில்தான் கழுவ வேண்டும். அவள் பாட்டிலைச் சாய்த்து என் விரலைத் தேய்த்துக் கழுவி, புடவைத் தலைப்பில் ஈரம் போகத் துடைத்துவிட்டுக் குத்தினாள். 64. மூன்று ஸ்பூன் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள். 15 கிராம் அளவு. 15 நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்து மறுபடி பார்த்தோம், 92. இரண்டு பிஸ்கட் சாப்பிட்ட பிறகு எழுந்தோம்.

உச்சியில் மறுபடி நடுக்கம். பார்த்தால் 118. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லியே ஆக வேண்டும். இது வெறும் பயம், இதோடு உட்கார்ந்திருக்கலாம் என்று தெரிந்துவிட்டது. உயரத்தில் பக்கத்துப் பொருள்கள் கண்ணில் படாததால், உடம்பை நிலைநிறுத்தக் கண் செய்யும் உதவி குறைகிறது. கால் தள்ளாடுவதுபோல் இருப்பது அதனால்தான். பாறையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, கைப்பிடிக் கம்பியையே கொஞ்ச நேரம் பார்த்தேன். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கினேன். அதன் பிறகுதான் காவிரியையும் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தையும் பார்த்தேன். இன்னொன்று, செருப்பில்லாமல் ஏறுகிற இடம் இது. நடுப்பகலில் மேல்பாறை கொதிக்கும். பாதம் மரத்துப்போன சர்க்கரை நோயாளிக்குச் சுட்டுப் புண்ணானால்கூடத் தெரியாது. காலையிலேயே போய்விடுங்கள்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வேறு மாதிரியான சோதனை. குழாயின் வாய் 60, 70 சென்டிமீட்டர்தான் இருக்கும். மீட்டரை உள்ளே கொண்டுபோக முடியாது. தோலில் ஒட்டிய சென்சார், இன்சுலின் பம்ப் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், பெரும்பாலும் கழற்றச் சொல்வார்கள். அதனால் படுப்பதற்குச் சற்று முன்பு விரலில் குத்திப் பார்த்துவிடுவேன். வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் காலையில் முதல் ஆளாக நேரம் கேட்பேன். அன்றைய இன்சுலினை எவ்வளவு குறைப்பது என்று டாக்டரிடம் முதல் நாளே கேட்டுவிடுவேன். உள்ளே தள்ளுவதற்கு முன்பே கண்ணை மூடிக்கொண்டு, மேலே ஒரு துணியையும் போடச் சொல்வேன். கூரை எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மனசு அதையே சுற்றிவரும். கையில் கொடுக்கும் அழைப்பு பல்பை அழுத்தத் தயங்கவே கூடாது. ஸ்கேனை மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

லோ சுகரைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் கணக்கையே சில மாத்திரைகள் மாற்றிவிடும். நம் ஊரில் பலரும் வோக்லிபோஸ் சாப்பிடுகிறார்கள். அவர்களுக்குச் சுகர் இறங்கினால் சாதாரணச் சர்க்கரை மெதுவாகத்தான் வேலை செய்யும், அதை உடைக்கும் நொதியையே அந்த மாத்திரை தடுக்கிறது. குளுக்கோஸ்தான் வேண்டும். ப்ரோப்ரனலால் போன்ற மாத்திரைகளை ரத்த அழுத்தத்துக்கும் கொடுப்பார்கள், பதற்றத்துக்கும் கொடுப்பார்கள். அவை படபடப்பையும் நடுக்கத்தையும் அடக்கிவிடுவதால் சுகர் இறங்குவது தெரியாமலே போகலாம். வேர்ப்பது மட்டும் தெரியும். சாக்லேட்டை நம்பாதீர்கள், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும். சென்சார் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: சுகர் வேகமாக இறங்கும்போது சென்சார் சில நிமிடங்கள் பின்தங்கியே காட்டும். உடம்பு ஒன்று சொல்லி, சென்சார் வேறு சொன்னால் விரலைக் குத்திப் பாருங்கள்.

ஏறி இறங்கிய இரவும் கவனம் தேவை. தசை, செலவழித்த சர்க்கரையை மறுநாள் வரைகூட ரத்தத்திலிருந்து இழுத்துக்கொண்டிருக்கும். அன்று படுக்கும் முன் கட்டாயம் ஒருமுறை பார்ப்பேன்.

கூட வருகிறவருக்கு இரண்டு விஷயங்களைக் கிளம்பும் முன்பே சொல்லி வைக்கிறேன். குளுக்கோஸ் என் கைப்பையின் முன் ஜிப்பில் இருக்கிறது. நான் எரிந்து விழுந்தாலும் பேச்சு குழறினாலும் வாக்குவாதம் செய்யாமல் அதைக் கொடுக்க வேண்டும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு உடனே 108-க்கு அழைக்க வேண்டும்.