கரட்டுக்குக் காவல் உண்டா?

கேள்வி: ஊர்ப்பக்கத்துக் கரடு புறம்போக்கு நிலம். குவாரி வராமல் தடுக்கச் சட்டம் இருக்கிறதா?
- வாசகர், அனுமந்தன்பட்டி

பதில்: முழுக் காவல் தரும் சட்டம் இல்லை. 2020-இல் வந்த வேளாண் மண்டலச் சட்டம் காவிரி டெல்டாவுக்குத்தான். கல், ஜல்லிக்கு 1959-ஆம் ஆண்டின் சிறுகனிம விதிகளே. 2021-இல் அதில் ஒரு திருத்தம்: காப்புக்காடு, சரணாலயம், புலிகள் காப்பகம் போன்றவற்றிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்றார்கள். மறு ஆண்டே காப்புக்காட்டைப் பட்டியலிலிருந்து உருவிவிட்டார்கள். (கொடுத்த வேகத்தைவிட எடுத்த வேகம் அதிகம்!) சரணாலயம், புலிகள் காப்பகம் போன்றவற்றுக்கு அந்தத் தூரம் நீடிக்கிறது. உங்கள் பக்கத்து மேகமலை இப்போது புலிகள் காப்பகம். அதன் எல்லைக்கும் உங்கள் கரட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று முதலில் பாருங்கள். தூரம் கைகொடுக்காவிட்டால் மக்கள் பலம்தான்: மேலூர் பக்கம் அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2025 ஜனவரியில் ரத்தானதற்கு மக்கள் திரண்டதே காரணம். உங்கள் ஊர் பேரூராட்சி என்பதால் கிராமசபை கிடையாது. மன்றத்தில் தீர்மானம் போடச் சொல்லி, நகலோடு கலெக்டரிடம் மனுக் கொடுங்கள்.