இரண்டு பதிவேடுகள், ஒரு வரைபடம்

ஊராட்சி அலுவலகங்களில் பதிவேடுகளுக்குக் குறைவில்லை. ஆழ்குழாய்க் கிணறுகளுக்கு ஒன்று, நீர்ப் பரிசோதனை முடிவுகளுக்கு ஒன்று, அங்கன்வாடிகளுக்கு ஒன்று எனப் பல உண்டு. ஒவ்வொன்றும் சரியாகவே எழுதப்பட்டிருக்கலாம். எனினும், 'தகாத நீரைப் பருகும் குழந்தைகள் எந்த அங்கன்வாடியில் உள்ளனர்?' என்ற கேள்விக்கு எந்த ஒரு பதிவேட்டிலும் தனியாக விடை கிடைக்காது. அவற்றை ஒன்றுசேர்த்தால்தான் கிடைக்கும். அதற்கான முறையை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

கூட்டுத் தளம் என்பது யாது?

இணையத்தில் ஒருவரிடம் வரைபடம் இருக்கும். மற்றொருவரிடம் பட்டியல் இருக்கும். இரண்டையும் இணைத்துப் புதிய பயனை உண்டாக்கும் தளத்தை 'மேஷ்-அப்' என்பர். நாம் கூட்டுத் தளம் எனலாம். ஒரு சேவை தன் விவரங்களைப் பிறருடைய நிரலுக்கு வழங்கும் வாயிலுக்கு ஏ.பி.ஐ. என்று பெயர். நியாய விலைக் கடையில் கிடங்கினுள் எவரும் நுழைவதில்லை. அட்டையைக் காட்டி முறைப்படி கேட்டால் உரிய பொருள் கிடைக்கும். இவ்வாயிலும் அத்தகையதே.

2005-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பால் ராடமேக்கர் என்பவர், கிரெய்க்ஸ்லிஸ்ட் தளத்தின் வீட்டு விளம்பரங்களைக் கூகுள் வரைபடத்தின்மீது குறித்துக் காட்டினார். அதே ஆண்டில் ஏட்ரியன் ஹோலோவாட்டி, சிகாகோ நகரக் காவல் துறையின் குற்றப் பதிவுகளை அவ்வாறே வரைபடத்தில் அமைத்தார். 2008-இல் கென்யாவில் தேர்தலுக்குப்பின் கலவரம் மூண்டபோது, மக்கள் குறுஞ்செய்தியாகவும் மின்னஞ்சலாகவும் அனுப்பிய தகவல்களை வரைபடத்தில் காட்ட 'உஷாஹிடி' தளம் தோன்றியது.

இம்முறையின் வேர் இணையத்தினும் பழமையானது. 1854-இல் இலண்டன் பிராட் வீதிப் பகுதியில் காலரா பரவி 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருத்துவர் ஜான் ஸ்நோ இறப்புப் பதிவுகளைப் பெற்று, இறந்தோர் எக்குழாயின் நீரைப் பருகினர் என்று விசாரித்தார். செப்டம்பர் 8-ஆம் நாள் அவ்வீதிக் குழாயின் கைப்பிடி அகற்றப்பட்டது. நோய் அதற்கு முன்னரே தணியத் தொடங்கியிருந்தது என்பதும் உண்மை. ஆயினும், பின்னர் அவர் வெளியிட்ட வரைபடம் இறப்புகள் அக்குழாயைச் சூழ்ந்து நிகழ்ந்தமையை எவரும் காணுமாறு செய்தது.

நம் ஊருக்கு ஏற்ற முறை

ஓர் ஊராட்சியில் 12 ஆழ்குழாய்க் கிணறுகள் உள்ளன என்று கொள்வோம்.

1. ஒவ்வொரு கிணற்றுக்கும் நிலையான எண் ஒன்று கொடுத்தல் வேண்டும். எல்லாப் பதிவேடுகளிலும் அந்த எண்ணே வரவேண்டும். ஒன்றில் 'கோயில் கிணறு' என்றும் மற்றொன்றில் 'கிழக்குத் தெருக் கிணறு' என்றும் எழுதினால் கணினி அவற்றை இரு வேறு கிணறுகளாகவே கொள்ளும்.

2. கைப்பேசியைக்கொண்டு கிணற்றடியில் நின்று அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் குறிக்க வேண்டும். தமிழ்நாட்டில் அட்சரேகை ஏறக்குறைய 8 முதல் 13.5 வரையும், தீர்க்கரேகை 76 முதல் 80.3 வரையும் அமையும். எண்கள் இடம் மாறினால் நம் கிணறு வடதுருவத்தை அடுத்த கடலில் போய் நிற்கும்!

3. பரிசோதனை முடிவைத் தேதியுடன் தனிப் பட்டியலாக எழுத வேண்டும். விரிதாளில் 'வீலுக்கப்' என்னும் சூத்திரம் கிணற்று எண்ணைக்கொண்டு இரு பட்டியல்களையும் இணைத்துவிடும்.

4. இணைந்த பட்டியலையும், இடம் குறித்த அங்கன்வாடிப் பட்டியலையும் கூகுள் மை மேப்ஸ், யூமேப் போன்ற சேவைகளில் ஏற்றினால் வரைபடம் உருவாகிவிடும். இதற்கு நிரல் எழுதும் பயிற்சி தேவையில்லை.

குடிநீரில் புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருத்தல் நலம். வேறு நீர் ஆதாரம் இல்லாதபோது மட்டும் 1.5 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். மிகுந்தால் குழந்தைகளின் பற்களில் கறை படியும்; நெடுநாள் பருகின் எலும்புகளும் கெடும். கொதிக்கவைப்பதால் புளோரைடு நீங்காது. எனவே, அளவு மிகுந்த கிணறுகளைச் சிவப்பில் குறித்து, அருகிலுள்ள அங்கன்வாடி எங்கிருந்து நீர் பெறுகிறது என்று நேரில் விசாரித்தல் வேண்டும். அண்மையில் இருப்பதாலேயே அந்நீரைத்தான் பருகுகின்றனர் என்று முடிவுகட்டலாகாது.

கவனத்தில் கொள்ளத்தக்கவை

பழைய முடிவைப் புதியதுபோல் காட்டும் வரைபடம், வரைபடம் இல்லாமையினும் தீயது. ஆதலால் தேதியும் வரைபடத்தில் தெரிய வேண்டும். நோயுற்றோர் பெயரையோ வீட்டையோ பொதுவில் குறித்தல் கூடாது. மேலும், பிறர் சேவையை நம்பியது அச்சேவை நிற்கும்போது தானும் நின்றுவிடும். இத்தகைய இணைப்புகளுக்கென 2007-இல் தொடங்கிய 'யாஹூ பைப்ஸ்' 2015-இல் மூடப்பட்டதும், அதனை நம்பிய பணிகளும் நின்றன. ஆகவே மூலப் பட்டியலின் படி ஒன்று நம் அலுவலகத்திலேயே இருக்கட்டும்.

வரைபடத்தை அச்சிட்டு அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் வைப்பீர்களாக. எண்களைப் படிக்கத் தயங்குவோரும் தம் தெருவை அதில் தேடிக் காண்பர். தம் குழந்தை குடிக்கும் நீரைப்பற்றிக் கேள்வி எழுப்புவர். அக்கேள்விக்கு விடை கூறத்தக்க வகையில் பதிவேடுகளைச் சீராக வைத்திருப்பது பஞ்சாயத்து அங்கத்தினர் ஒவ்வொருவரின் கடமையாகும்.