சின்ன நிலையத்துக்கு விளக்கேற்றுவோம்

சென்ற விடுமுறையில் நானும் தம்பியும் ஒரு மலைநாட்டுப் புகையிரத நிலையத்தின் மாதிரியைச் செய்தோம். அளவுத்திட்டம் 1:87. மேடை, கூரை, கைகாட்டி எல்லாம் முடிந்ததும், பளிச்சென்ற வெள்ளை எல்.ஈ.டி. மின்குமிழ்கள் பத்தைப் பொருத்தி, உம்மாவின் வாப்பாவை அழைத்து வந்து காட்டினோம். அவரை நாங்கள் 'அப்பா' என்போம். இளமையில் புகையிரதப் பகுதியில் சமிக்ஞை விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றும் வேலை பார்த்தவர். பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது ஸ்டேஷன் இல்ல மகள், கல்யாண வீடு" என்றார்.

அன்றுதான் எங்கள் உண்மையான பாடம் தொடங்கியது. அதை உங்களுடனும் பகிர்கிறேன்.

முதலில் மின்சுற்று. ஒளிகாலும் இருவாயியை 12 வோல்ற்று வழங்கலுடன் நேரடியாக இணைத்தால் கணத்தில் எரிந்துவிடும். நான் இரண்டை அப்படித்தான் இழந்தேன். எனவே தொடராக ஒரு தடையி வேண்டும். வெள்ளைக் குமிழுக்கு ஏறத்தாழ 3 வோல்ற்று போதும். மிகுதி 9 வோல்ற்றைத் தடையி ஏற்க வேண்டும். 20 மில்லியம்பியர் ஓட்டத்துக்கு ஓமின் விதிப்படி 9 ÷ 0.02 = 450 ஓம். கடையில் கிடைக்கும் கிட்டிய பெறுமானம் 470 ஓம். நாங்கள் முதலில் போட்டது இதைத்தான். கல்யாண வீடு வந்ததும் இதனால்தான்.

ஓட்டத்தை 5 மில்லியம்பியராகக் குறைத்தால் 9 ÷ 0.005 = 1800 ஓம். தடையியை மாற்றியவுடன் வெளிச்சம் அடங்கியது. சமாந்தரமாக இணைக்கும்போது ஒவ்வொரு குமிழுக்கும் தனித்தனித் தடையி வையுங்கள். பலவற்றுக்கு ஒன்றே போதும் என்று விட்டால், குமிழ்களுக்கிடையே உள்ள சிறு வேறுபாட்டால் ஒன்று அதிக ஓட்டத்தை இழுத்துக்கொள்ளும். நீண்ட கால் நேர் முனை என்பதையும் மறக்க வேண்டாம்.

விளக்குகளுக்கு மின்னைத் தண்டவாளத்திலிருந்து எடுக்கக் கூடாது. சாதாரண மாதிரி வண்டியின் வேகம் தண்டவாள வோல்ற்றளவால் மாறுவது. வண்டி நின்றால் நிலையமே இருண்டுவிடும். தனியான 12 வோல்ற்று அடப்டர் ஒன்று போதும். பத்துக் குமிழ்களுக்கும் தேவை 50 மில்லியம்பியரே. வீட்டின் 230 வோல்ற்று மின்னை மட்டும் ஒருபோதும் நேரடியாகத் தொடுக்காதீர்கள்.

அடுத்தது ஒளியின் இயல்பு. மட்டைச் சுவர்கள் ஊடாக ஒளி கசிந்து கட்டடமே கூடுபோல ஒளிர்ந்தது. உட்புறத்துக்குக் கறுப்பு வர்ணம் பூசினோம். அறைகளுக்கிடையே மட்டைத் தடுப்பு வைத்து, நிலைய அதிபரின் அறைக்கு மட்டும் விளக்கேற்றினோம். எல்லா யன்னலும் ஒளிர்ந்தால் அது உண்மைபோல் இராது. வெள்ளைக் குமிழ்களைப் பட்டம் கட்டும் மஞ்சள் டிசூ தாளால் மூடினோம். மேடை விளக்குக் கம்பங்களையும் அளந்தோம். 4 மீற்றர்க் கம்பம் இந்த அளவுத்திட்டத்தில் 46 மில்லிமீற்றர்தான். நாங்கள் முன்பு நட்டது அதைப்போல் இரு மடங்கு.

கைகாட்டியின் இரகசியத்தை அப்பாதான் சொன்னார். எண்ணெய் விளக்கின் சுடர் மஞ்சள். அதன் முன்னே நீலம் கலந்த கண்ணாடி வந்தால் தூரத்தில் பச்சையாகத் தெரியுமாம். பௌதிகவியலில் படித்த ஒளிவடிகட்டி இதுதானே! நாங்களும் மஞ்சள் ஒளிக்கு முன் நீலப்பச்சைத் தாளை ஒட்டினோம். பச்சை தெரிந்தது.

மஹ்ரிபுக்குப் பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டு அப்பாவை மீண்டும் அழைத்தோம். மேடையில் மூன்றே விளக்குகள், ஓர் யன்னல், ஒரு கைகாட்டி. மிகுதியெல்லாம் இருட்டு. அவர் கதிரையை இழுத்துப்போட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு கைகாட்டியை விரலால் தொட்டு, "மழையிலயும் இதுல ஏறித்தான் எண்ணெய் ஊத்துவேன்" என்றார். தம்பி அருகில் அமர்ந்து, "எத்தனை படி அப்பா?" என்று கேட்டான். அதுவரை அவரிடம் நாங்கள் அந்த வேலையைப் பற்றி ஒன்றுமே கேட்டதில்லை.

தோழியரே, உங்கள் வீட்டிலும் பழைய தொழில் ஒன்றை அறிந்த மூத்தவர் இருப்பார். மாதிரி செய்யத் தொடங்குமுன் அவரிடம் கேளுங்கள். தடையியின் பெறுமானத்தை நூல் சொல்லும். வெளிச்சம் எவ்வளவு இருந்தது என்பதை அங்கே நின்றவரே சொல்வார்.