வலைத்தளத்தின் உண்மையான செலவு

பத்தே நிமிடத்தில், நூறு ரூபாய்க்கும் குறைவாக வலைத்தளம் தொடங்கலாம் என்னும் விளம்பரத்தை நம்மில் பலரும் கண்டிருப்போம். குன்னூரில் வீட்டிலேயே சாக்லேட் செய்து விற்கும் தாய் ஒருவர், தமக்கென ஒரு சிறு வலைத்தளம் வேண்டும் என்று எண்ணுவதாக வைத்துக்கொண்டு நாம் கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

முதலில் வேண்டுவது பெயர். டாட் காம் ஆனாலும், நம் நாட்டுக்குரிய டாட் இன் ஆனாலும், பெயரை நாம் விலைக்கு வாங்குவதில்லை, வாடகைக்கே எடுக்கிறோம். 1995 செப்டம்பர் வரை டாட் காம் பெயருக்குக் கட்டணமே இல்லை. பின்னர் இரண்டாண்டுக்கு 100 டாலர் என விதித்தனர். இன்று ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் முதல் ஆயிரத்துச் சொச்சம் வரை ஆகும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது முதலாண்டு விலை. இரண்டாம் ஆண்டு விலையைத் தேடித்தான் படிக்க வேண்டும். அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வேறு.

அடுத்து, பக்கங்களை வைக்க இரவும் பகலும் ஓடும் கணினியில் ஓர் இடம். இதற்கும் ஆண்டு வாடகை உண்டு. பாதுகாப்புச் சான்றிதழை 2015 முதல் லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அமைப்பு இலவசமாகவே தருகிறது. சிறு தளத்துக்கு அதற்கெனத் தனிப்பணம் கேட்டால் ஏன் என்று கேட்க வேண்டும்.

வாடகை கட்ட மறந்தால் என்னவாகும்? 1999 கிறிஸ்துமஸ் நேரத்தில் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே தன் பாஸ்போர்ட் டாட் காம் பெயரைப் புதுப்பிக்கத் தவறியது. ஹாட்மெயில் பயன்படுத்திய பலர் உள்ளே நுழைய முடியாமல் தவித்தனர். முன்பின் தொடர்பில்லாத ஒரு கணினி வல்லுநர் தம் கைப்பணம் 35 டாலரைக் கட்டிய பிறகே நிலைமை சீரானது! நம் சாக்லேட் அம்மாவுக்கு அப்படி யாரும் வரமாட்டார்கள். ஆதலால் பெயரை அவர் தம் சொந்த மின்னஞ்சலில் பதிவு செய்துகொள்வது அவசியம். தளம் அமைத்துத் தந்த தம்பி வேலை கிடைத்துப் பெங்களூருக்குப் போய்விட்டால், கடவுச்சொல்லும் அவரோடு போய்விடும்.

இலவச இடம் போதாதா எனலாம். தொடங்கிப் பார்க்கப் போதும். ஆயினும், இலட்சக்கணக்கான பக்கங்களுக்கு இலவசமாக இடமளித்த ஜியோசிட்டீஸ் சேவையை யாஹூ 2009 அக்டோபரில் மூடியபோது, படி எடுத்து வைக்காதவர்கள் பலர் தம் பக்கங்களை இழந்தனர்.

இதுவரை சொன்னது பணக்கணக்கு. எங்கள் கருத்தில் பெருஞ்செலவு உழைப்பே. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். பல நாடுகளில் வாழும் தமிழன்பர்கள் ஊதியமின்றித் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, இணையத்தில் ஏற்றினர். யூனிகோடு வந்தபின் பழைய எழுத்துமுறையில் இருந்தவற்றை மறுபடியும் மாற்ற வேண்டியிருந்தது. சாக்லேட் அம்மாவுக்கோ, மே மாத மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் மூச்சுவிட நேரமிராது. விலைப்பட்டியலைத் திருத்த வேண்டிவருவதும் அப்போதுதான்.

படிப்பவருக்கும் ஒரு செலவு உண்டு. இதைப் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கைப்பேசியில் எடுத்த ஒரு படம் 4 எம்.பி. எனில், பத்துப் படங்களுக்கு 40 எம்.பி. ஆகிறது. சிக்னல் வந்து வந்து போகும் எஸ்டேட் லைன் வீட்டில் அந்தப் பக்கம் திறப்பதற்குள் தேநீர் ஆறிவிடும்! ஒவ்வொரு படத்தையும் 200 கே.பி. அளவுக்குச் சுருக்கினால் பத்தும் சேர்ந்து 2 எம்.பி. தான், அதற்கான மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.