கண்ணகி கதையின் மறுபுனைவுகளில் குலமும் பாத்திரத் தேர்வும்: பெயரிடல் நோக்கில் ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஒரு மூலக்கதையை மறுபடி புனைவோர் எந்த மாந்தரை விரும்பி வளர்க்கின்றனர், எவரை ஓரத்தில் விடுகின்றனர் என்பது தனிப்பட்ட சுவை மட்டும் சார்ந்ததன்று. பிறப்பு பற்றிய சமூக மதிப்பீடும் அத்தேர்வில் இயங்குகிறது. சிலப்பதிகாரத்தையும் அதன் வழிவந்த சில மறுபுனைவுகளையும் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. பாத்திரத்திற்குப் பெயர் உண்டா, இல்லையா என்பது இங்கு முதன்மை அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச் சொற்கள்: மறுபுனைவு, பாத்திரத் தேர்வு, குலம், பெயரிடல், குன்றக் குறவர், மங்கலதேவி.

முன்னுரை

பிறர் படைத்த மாந்தரைக் கொண்டு வாசகரே எழுதும் கதைகள் இன்று ரசிகர் புனைவு எனப்படுகின்றன. இத்தகைய புனைவுகளில் வெள்ளையின மாந்தரே பெரிதும் மையம் பெறுவதையும் பிற இனத்தார் துணைநிலையில் நிறுத்தப்படுவதையும் ருக்மிணி பாண்டே 2018இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக விவாதித்துள்ளார். தமிழ்ச் சூழலில் இவ்வினாவை எழுப்புங்கால், இனம் என்பதன் இடத்தில் குலமும் திணையும் வந்து நிற்கின்றன. மறுபுனைவு தமிழுக்குப் புதிதன்று. கண்ணகி கதை காப்பியம், கதைப்பாடல், நாடகம், திரைப்படம், புதினம் எனப் பல வடிவங்களில் மீண்டும் மீண்டும் புனையப்பட்டுள்ளது. ஆதலின் இவ்வாய்வுக்கு அது தக்க களமாகிறது.

மூலத்தில் பெயரும் பெயரின்மையும்

சிலப்பதிகாரத்தில் வணிகர், அந்தணர், கணிகையர் ஆகியோருள் முதன்மையானோர்க்குப் பெயர் உண்டு. ஆயர் குலத்து மாதரியும் ஐயையும் பெயர் பெற்றுள்ளனர். அடைக்கலப் பொருளைக் காக்கத் தவறியதாக வருந்தித் தீப்புகும் மாதரிக்கு அப்பெயரே தனி ஆளுமை தருகிறது. எயினருக்கும் குன்றக் குறவருக்கும் இந்நிலை வாய்க்கவில்லை. வேட்டுவ வரியில் தெய்வமேறி ஆடும் சாலினி கண்ணகியின் சிறப்பை முன்னுரைக்கிறாள். சாலினி என்பதோ தேவராட்டியைக் குறிக்கும் பொதுச்சொல்லே. குன்றக் குரவையில், வேங்கை நிழலில் ஒரு முலை இழந்து நின்ற கண்ணகியைக் கண்டு வினவி, அவள் விண்ணேகியதைக் கண்ணுற்று, அவளைத் தெய்வமாக ஏற்று முதலில் குரவையாடுவோர் குறவரே. அவர்களுள் ஒருவருக்கேனும் பெயர் இல்லை.

காட்சிக் காதையில் இவ்வேறுபாடு மேலும் தெளிவாகிறது. மலைவளங்களைக் கொணர்ந்த குறவர் தாம் கண்டதைச் சேரன் செங்குட்டுவனிடம் சுருங்கக் கூறுகின்றனர். அவள் வரலாற்றை எடுத்துரைக்கும் உரிமை புலவர் சாத்தனாருக்கு உரியதாகிறது. கோயில் எடுக்கும் பெருமை அரசனைச் சேர்கிறது. கண்டவர் ஒருவர், கதை சொல்பவர் வேறொருவர் என்னும் இப்பகிர்வு பின்வந்த மறுபுனைவுகளின் போக்கையும் பெரிதும் வகுத்தது எனலாம்.

மணிமேகலை: முதல் எதிர்த்தேர்வு

சிலம்பின் தொடர்ச்சியாக அமைந்த மணிமேகலை, முன்னைக் காப்பியத்தில் சிறு பாத்திரமாக இருந்த கணிகை மகளைக் காப்பியத் தலைவியாக்குகிறது. பிறப்பால் ஒதுக்கப்பட்ட ஆபுத்திரனுக்கும் அமுதசுரபியின் வரலாற்றில் முதன்மையான இடம் தருகிறது. எனினும், அக்காப்பியத்தின் பரிவுக்கும் ஓர் எல்லை உண்டு. சாதுவன் கரையேறிய நாகர் மலையில், அவர்தம் மொழியை அறிந்திருந்தமையாலேயே அவன் உயிர்பிழைக்கிறான். நாகர் தலைவன் அவனோடு வாதிடுகிறான், வினா எழுப்புகிறான், விடை கேட்டு ஏற்கிறான். ஆயினும் அவனும் பெயரின்றியே நிற்கிறான். வேற்றினத்தானுக்குக் குரல் கொடுத்த காப்பியம் பெயர் கொடுக்கவில்லை.

பொற்கொல்லன்: பெயரிடலின் மறுபக்கம்

பெயர் பெறுவது எப்போதும் மதிப்புப் பெறுவதன்று. சிலம்பில் வஞ்சகம் புரியும் பொற்கொல்லன் தொழிற்பெயராலேயே சுட்டப்படுகிறான். அவன் ஒருவன் செய்த குற்றத்திற்காக, கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டதாக நூல் கூறுகிறது. தனிமனிதன் குலத்தின் அடையாளமாக மட்டுமே காணப்படுமிடத்துத் தண்டனையும் குலத்திற்கே உரியதாகிவிடுகிறது. புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் கோவலன் கதையில் இப்பாத்திரம் வஞ்சிப்பத்தன் எனப் பெயர் பெறுகிறது. பத்தர் என்பது பொற்கொல்லரைக் குறிக்கும் வழக்கு. முன்னொட்டோ வஞ்சனையை நினைவூட்டுகிறது. குலத்தையும் குற்றத்தையும் பிணைத்த இப்பெயர் ஆளுமை தருவதன்று, முத்திரை குத்துவது.

இருபதாம் நூற்றாண்டின் தேர்வுகள்

1942இல் வெளிவந்த 'கண்ணகி', 1964இல் வெளிவந்த 'பூம்புகார்' ஆகிய திரைப்படங்கள் பாண்டியன் அவையில் கண்ணகி நீதி கேட்கும் காட்சியைக் கதையின் உச்சமாக்கின. பாரதிதாசனின் 'கண்ணகி புரட்சிக் காப்பியம்' அவளை அநீதியை எதிர்க்கும் தமிழ்ப்பெண்ணாக முன்னிறுத்தியது. இத்தேர்வுகள் அக்கால அரசியல் தேவைக்கு இயைந்தவை. அவற்றின் ஆற்றல் மறுத்தற்கரியது. ஆயினும் மதுரையை உச்சமாகக் கொள்ளும் கட்டமைப்பில் குன்று பின்னிணைப்பாகச் சுருங்குவது இயல்பே. தாய்த்தெய்வ வழிபாட்டின் தொன்மையை நோக்கிச் செல்லும் ஜெயமோகனின் 'கொற்றவை' (2005) இப்போக்கிலிருந்து விலகி நிற்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கில் கதை

தேனி மாவட்டம் கூடலூரை அடுத்த மலைமீது, தமிழக–கேரள எல்லையில் மங்கலதேவி கண்ணகி கோட்டம் அமைந்துள்ளது. பேராசிரியர் சி. கோவிந்தராசனார் கண்ணகி சென்ற வழியைத் தேடிச் சென்று 1963இல் இதனைச் செங்குட்டுவன் எடுத்த கோட்டமென அடையாளங் கண்டார். ஆண்டுக்கு ஒருமுறை, சித்திரை முழுநிலவு நாளில் மட்டுமே இங்கு வழிபாட்டிற்கு இசைவு உண்டு. தமிழகப் பகுதியிலிருந்து நடந்து செல்வோர் மலையேறத் தொடங்கும் ஊர் பளியன்குடி. மலையில் வாழும் பளியர் பெயரை அது தாங்கி நிற்கிறது. காப்பியக் குறவரையும் இன்றைய பளியரையும் ஒன்றெனக் கொள்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. கோட்டத்தைப் பற்றிய உரையாடலில் கண்ணகி, செங்குட்டுவன், இளங்கோ ஆகிய பெயர்கள் ஒலிக்க, மலைமக்கள் ஓர் ஊர்ப்பெயராகவே எஞ்சுவது கருதத்தக்கது. ஏட்டில் காணப்பட்ட அதே பகிர்வு நிலத்திலும் தொடர்கிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, மறுபுனைவில் பாத்திரத் தேர்வு மூலநூல் வகுத்த குலவரிசையைப் பெரும்பாலும் பின்பற்றுகிறது. இரண்டாவது, மணிமேகலை போன்ற எதிர்த்தேர்வுகள் அவ்வரிசையை மாற்ற இயலும் என்பதை நிறுவுகின்றன. மூன்றாவது, பெயரிடல் மட்டும் போதாது என்பதற்கு வஞ்சிப்பத்தனே சான்று. கண்ணகியைத் தெய்வமாக முதலில் கண்டவர்கள் தம் கண்ணால் கண்ட கதையைத் தம் வாயால் சொல்லும் மறுபுனைவு தோன்றுமாயின், வஞ்சிக் காண்டத்தின் தொடக்கம் புதுப்பொருள் பெறும். மலைமக்களின் வாய்மொழி மரபுகளைத் தொகுத்து ஆராய்வது அதற்குரிய முதற்படியாகும்.