கற்சிலுவைகளும் கடன் பத்திரங்களும்



காஸ்டீல் எலினார் 1241-இல் ஸ்பெயினின் காஸ்டீல் நாட்டு அரசர் மூன்றாம் பெர்டினாண்டின் மகளாகப் பிறந்தார். 1254 நவம்பரில், பதின்மூன்று வயதை ஒட்டிய பருவத்தில், பர்கோஸ் நகருக்கு அருகிலிருந்த லாஸ் உவெல்காஸ் மடத்தில் அவருக்குத் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை இங்கிலாந்து இளவரசர் எட்வர்டுக்கு வயது 15. பிரான்சின் தென்மேற்குப் பகுதியில் ஆங்கிலேயர் வசமிருந்த காஸ்கனிக்கு எலினாரின் அண்ணன், பத்தாம் அல்போன்சோ, உரிமை கோரிவந்தார். அந்த வழக்கு இந்தச் சம்பந்தத்தால் தீர்ந்தது.

அரசியலுக்காகச் செய்த திருமணம்தான். ஆனாலும் அந்த இருவரும் பிரிந்திருந்த காலம் மிகக் குறைவு. 1270-இல் எட்வர்டு சிலுவைப் போருக்குக் கிளம்பியபோது எலினாரும் உடன் சென்றார். அக்கோ நகரில் ஒரு மகளைப் பெற்றார். போர்க்கலை பற்றி வெஜீஷியஸ் எழுதிய லத்தீன் நூலைக் கணவருக்காகப் பிரெஞ்சில் பெயர்க்கச் செய்தார். 1272-இல் அங்கே ஒரு கொலையாளி எட்வர்டை நச்சுக் கத்தியால் குத்தினான். எலினார் தம் வாயால் நஞ்சை உறிஞ்சிக் காப்பாற்றினார் என்பது பிற்காலத்தார் கட்டிய கதை. மருத்துவர் புண்ணின் சதையை அறுத்தெடுத்தார் என்றும், அழுத எலினாரை அறையிலிருந்து வெளியே அழைத்துச் சென்றார்கள் என்றும் இன்னொரு குறிப்பு சொல்கிறது. நம்பத்தக்கது இதுதான்.

1274 ஆகஸ்டில் இருவரும் வெஸ்ட்மின்ஸ்டரில் முடிசூடினர். அவர்களுக்குக் குறைந்தது 14 பிள்ளைகள் பிறந்தனர். தாய்க்குப் பின் உயிரோடிருந்தவர்கள் ஆறு பேர் மட்டுமே.

எலினாரைப் பற்றிப் பேசுவோர் பலரும் அவருடைய நிலங்களை மறந்துவிடுகிறார்கள். அரசியின் செலவு கருவூலத்தின் மேல் விழக்கூடாது, அவருக்கென்று தனி வருமானம் வேண்டும் என்பது அரசரின் விருப்பம். நிலவுடைமையாளர்கள் யூத வட்டிக்காரர்களிடம் கடன்பட்டிருந்தார்கள். யூதர்கள் அரசரின் நேரடி ஆளுகையில் இருந்ததால், அந்தக் கடன் பத்திரங்கள் எளிதில் அரசியின் கைக்கு வந்தன. கடனை அடைக்க முடியாதவரின் நிலமும் பின்னாலேயே வந்தது. இறக்கும்போது அவருடைய நிலங்களின் ஆண்டு வருமானம் ஏறத்தாழ 2,500 பவுண்டு, அக்காலத்தில் பெருந்தொகை. அவர் பெயரால் மக்கள் துன்புறுத்தப்படுவதைக் கண்டித்துப் பேராயர் ஜான் பெக்கம் கடிதங்கள் எழுதினார். இந்த ஏற்பாட்டில் மிகக் கொடிய இழப்பு யூதர்களுடையது. வரியாலும் பறிமுதலாலும் வறுமைக்குத் தள்ளப்பட்ட அவர்களை எட்வர்டு 1290-இல் நாட்டைவிட்டே வெளியேற்றினார்.

அதே ஆண்டு நவம்பர் 28 அன்று, லிங்கன் நகருக்கு அருகிலுள்ள ஹார்பி என்ற ஊரில் எலினார் இறந்தார். குடல் முதலிய உள்ளுறுப்புகள் லிங்கன் பேராலயத்திலும், இதயம் லண்டனில் டொமினிக்கன் துறவியர் மடத்திலும், உடல் வெஸ்ட்மின்ஸ்டரிலும் அடக்கமாயின. இறுதி ஊர்வலம் இரவு தங்கிய இடங்களில் எட்வர்டு 12 கற்சிலுவைகளை எழுப்பினார். கெடிங்டன், ஹார்டிங்ஸ்டன், வால்தம் ஆகிய மூன்று ஊர்களில் அவை இன்றும் நிற்கின்றன. லண்டன் சேரிங் கிராஸ் ரயில் நிலையத்தின் முன் இருப்பது 19-ஆம் நூற்றாண்டில் புதிதாகச் செய்து வைத்தது.

தம் அலுவலர்கள் செய்த அநீதிகளைச் சரிசெய்யும்படி சாகும் தறுவாயில் எலினார் கேட்டுக்கொண்டதாகச் சொல்வதுண்டு. 1291-இல் எட்வர்டு விசாரணைக்கு ஆணையிட்டார். அரசியின் நிலங்களில் வாழ்ந்தவர்கள் நீதிபதிகள் முன் வந்து முறையிட்டனர். அந்த விசாரணைச் சுருள்கள் அழியாமல் கிடைத்திருப்பதால்தான் அவருடைய நிருவாகம் எளியவர்கள்மேல் எப்படி விழுந்தது என்பது தெரிகிறது.